சொல்லாமல் மறுக்கப்படும் மடல்: மின்னஞ்சலில் முறிந்த ஓர் உறுதிமொழி

1982 ஆகஸ்டில் ஜொனாதன் போஸ்டெல் வெளியிட்ட எஸ்எம்டிபி என்னும் மின்னஞ்சல் நெறிமுறையில் ஓர் உறுதிமொழி அடங்கியிருந்தது. மடலை ஏற்றுக்கொண்ட வழங்கி அதை உரியவரிடம் சேர்க்க வேண்டும். இயலாவிடில் அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். உறையின் மேல் காரணம் எழுதிக் கடிதத்தைத் திருப்பியனுப்பும் அஞ்சல்துறை ஒழுங்கின் மின்வடிவம் அது. இன்றோ பணி நியமன ஆணையும் ஆய்விதழ் ஆசிரியரின் முடிவும் ஸ்பேம் பெட்டியில் கிடக்க, அனுப்பியவர் சேர்ந்துவிட்டது என்கிறார். பெறுநர் வரவேயில்லை என்கிறார். அந்த உறுதிமொழி எவ்வாறு முறிந்தது?

அந்நெறிமுறை, அனுப்புநர் முகவரியாக எதை எழுதினாலும் நம்பியது. ஆய்வு நிறுவனங்களே பெரும்பாலும் இணைந்திருந்த காலத்தில் அந்நம்பிக்கை போதுமானதாக இருந்தது. 1990களில் இணையம் வணிகத்துக்குத் திறந்தபின் விளம்பர மடல்கள் பெருகின. அவை பிறர் முகவரிகளைப் பொய்யாகத் தாங்கி வந்தன. மறுப்பு அறிவிப்பை அனுப்பினால் அது தொடர்பே இல்லாத ஒருவரின் பெட்டியை நிறைத்தது. ஆகவே வடிகட்டிகள் மௌனம் காக்கத் தொடங்கின. மௌனத்துக்குத் தக்க காரணம் இருந்தது; அதன் விலையை நேர்மையான மடல்களும் கொடுத்தன.

தொடக்கத்தில் சோதனை சொற்களின் மீது நடந்தது. சொல்லை மட்டும் பார்ப்பதன் அபாயத்தை 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரம் உணர்த்தியது: ஊர்ப்பெயரின் எழுத்துகளுக்குள் ஒரு வசைச்சொல் மறைந்திருந்ததால், அவ்வூரார் கணக்குத் தொடங்குவதை ஏஓஎல் நிறுவனத்தின் வடிகட்டி தடுத்தது. 2002இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரை, தடைச்சொற்களுக்கு மாற்றாக நிகழ்தகவுக் கணக்கை முன்வைத்தது. நல்ல மடல்களில் ஒரு சொல் வரும் எண்ணிக்கையை அவர் இருமடங்காக்கிக் கணக்கிட்டார்; நல்ல மடல் ஒன்றை இழப்பது, குப்பை மடல் ஒன்று நுழைவதைவிடக் கேடானது என்பதே காரணம்.

அடுத்த கட்டத்தில் சோதனை அனுப்புநரின் அடையாளத்துக்கு மாறியது. ஒரு நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்ப உரிமை பெற்ற வழங்கிகளின் பட்டியலே எஸ்பிஎஃப். மடலில் இடப்படும் எண்மக் கையொப்பம் டிகேஐஎம். இவை பொருந்தாத மடலை என்ன செய்வது என்று பெயருக்குரிய நிறுவனமே அறிவிப்பது டிமார்க். ஆயினும் பல்கலைக்கழக முகவரிக்கு வந்த மடல் தனி முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டால், இடைவழங்கி பட்டியலில் இராது. மடற்குழு தன் அடிக்குறிப்பைச் சேர்த்தால் கையொப்பம் சிதையும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் பெயரில் வரும் பொருந்தாத மடல்களை மறுக்குமாறு அறிவித்தபோது, யாஹூ பயனர்கள் மடற்குழுக்களுக்கு எழுதியவை பிற வழங்கிகளால் மறுக்கப்பட்டன. மறுப்புகள் குவிந்ததைக் கண்ட குழு மென்பொருள்கள், குற்றம் ஏதும் செய்யாத பிற உறுப்பினர்களின் சந்தாவை நிறுத்தின.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் பேரளவில் மடல் அனுப்புவோர்க்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கின. எனவே துறையின் மடல் குப்பைக்குப் போகும்போது, சொற்களைத் திருத்துவதற்கு முன் மடலின் தலைப்பகுதியில் பதிவாகும் சோதனை முடிவுகளைப் படிக்க வேண்டும். சேர்க்கை அறிவிப்பையோ ஊதியச் சீட்டையோ அனுப்பப் புதிய சேவை ஒன்றை அமர்த்திய நிறுவனம், அதைத் தன் பட்டியலில் சேர்க்க மறந்திருப்பது அடிக்கடி காணப்படும் பிழை.

எனினும் பிழையைத் தேட, மடல் ஒன்று தவறியது முதலில் தெரிந்தாக வேண்டும். அதைத் தெரிவிக்கும் கடமையைத்தான் வழங்கிகள் கைவிட்டன. பெட்டியில் ஏற்கப்பட்டதால் அம்மடல் கணக்கில் சேர்ந்ததாகவே நிற்கிறது. விடை வராமையை அலட்சியமென்று தீர்ப்பதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை கேட்பது, 1982ஆம் ஆண்டு நெறிமுறை இயந்திரத்திடம் ஒப்படைத்த கடமையை மனிதர் மீண்டும் ஏற்பதாகும்.