மார்ச் 1973: ஒரு நகரம், இரண்டு இசைத்தட்டுகள்

1973 மார்ச் மாதம் மூன்று வார இடைவெளியில் இரண்டு ராக் இசைத்தட்டுகள் வெளிவந்தன. மார்ச் 1 அன்று அமெரிக்காவில் பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. மார்ச் 23 அன்று பிரிட்டனில் கிங் கிரிம்சனின் ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’. இரண்டும் லண்டனில் பதிவானவை. முதலாவது நாலரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 1973க்கும் 1988க்கும் இடையே மட்டும் பில்போர்டு பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. இரண்டாவது பிரிட்டனில் 20ஆம் இடம் வரை ஏறி இறங்கிவிட்டது. அமெரிக்காவில் 61ஆம் இடம்தான்.

ப்ராக்ரஸிவ் ராக் பற்றிப் பேசும்போது இவை இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துவிடுவது வழக்கம். அப்படி வைப்பதற்கு வெளிப்படையான காரணங்களும் உண்டு. இரண்டுமே ஏறத்தாழ மௌனத்திலிருந்து தொடங்குகின்றன. ஃபிளாய்டின் தட்டில் முதலில் கேட்பது இதயத்துடிப்பு. டிரம்மர் நிக் மேசனின் பெரிய முரசின் ஓசையைப் பதப்படுத்திச் செய்த ஒலி அது. கிரிம்சன் தட்டில் ஜேமி மியூர் விரலால் மீட்டும் கலிம்பா, பிறகு மணிகள், சில நிமிடங்களுக்கு அவ்வளவுதான். ஒலி போதவில்லையே என்று கேட்பவர் சத்தத்தைக் கூட்டி வைப்பார். பின்னால் இடிபோல் இறங்கும் கிட்டார் அவரை இருக்கையிலிருந்து தூக்கிப்போடும். இரண்டிலும் பணத்தைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. ஒன்றின் பெயர் ‘மணி’, மற்றதன் பெயர் ‘ஈஸி மணி’. ஒன்றின் தலைப்பில் நிலவு. மற்றதன் அட்டையில் சூரியனும் நிலவும் ஒரே உருவமாகக் கலந்திருக்கின்றன.

இத்தனை ஒற்றுமைக்கும் அடியில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. எதிர்பாராமல் நேர்வதை இசைக்குழு என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு இவர்கள் இரண்டு விடைகள் வைத்திருந்தார்கள்.

ஃபிளாய்டின் விடையைப் புரிந்துகொள்ள, அந்தத் தட்டு உருவான விதத்தைப் பார்க்கவேண்டும். இதை அவர்கள் ஸ்டுடியோவுக்குள் போய் யோசிக்கவில்லை. 1972 ஜனவரியில் பிரைட்டனிலேயே மேடையேற்றிவிட்டார்கள். அன்று பாதியில் தொழில்நுட்பக் கோளாறால் நிறுத்தவேண்டி வந்தது. பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் முழுவதையும் வாசித்தார்கள். தட்டு கடைக்கு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே கச்சேரிக்கு வந்தவர்கள் அதைக் கேட்டிருந்தார்கள். ஊர் ஊராக வாசிக்க வாசிக்கப் பாடல்கள் தேய்ந்து, வழவழப்பாகி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் இணைப்புகள் இறுகின. இப்போது ‘ஆன் த ரன்’ இருக்கும் இடத்தில் தொடக்கத்தில் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கும் வேறொரு பகுதி இருந்தது. சிந்தி என்ற சின்ன சிந்தசைசர் ஸ்டுடியோவுக்கு வந்ததும் அது வெளியேறியது. பாடல் வரிகள் அத்தனையையும் ரோஜர் வாட்டர்ஸ் ஒருவரே எழுதியதும் இந்தத் தட்டில்தான் முதன்முதலாக நடந்தது. நேரம், பணம், மரணம், மனம் பிறழ்தல் என்று அவர் எடுத்துக்கொண்டவை யாருக்கும் விளங்கும் விஷயங்கள். குழுவைத் தொடங்கி வைத்து, மனநலம் குலைந்து 1968இல் விலகிய சிட் பாரெட்டின் நிழல் கடைசிப் பகுதியில் விழுந்திருப்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். அறியாதவருக்கும் பாட்டில் எதுவும் குறையாது.

‘மணி’ தொடங்கும் விதத்தில் அவர்களுடைய மொத்த முறையும் அடங்கியிருக்கிறது. நாணயங்கள் விழும் ஒலி, காகிதம் கிழியும் ஒலி, கல்லாப்பெட்டி திறக்கும் ஒலி என ஏழு ஒலிகள். அவற்றைத் தனித்தனியாகப் பதிந்து, நாடாவை அளந்து சம நீளத் துண்டுகளாக வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுழலவிட்டார்கள். மண்பாண்டக் கலைஞரான தன் மனைவி வைத்திருந்த பெரிய கிண்ணத்தில் வாட்டர்ஸ் நாணயங்களை எறிந்து பதிந்த ஒலியும் அதில் உண்டு. அந்த வளையம்தான் பாட்டின் தாளம். மிஸ்ர சாப்பு பழகிய காதுக்கு ஏழு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும்; ராக் கேட்டு வளர்ந்தவருக்கு அது சற்றுத் தடுக்கும். டிக் பாரியின் சாக்ஸஃபோன் அந்த ஏழிலேயே போகிறது. டேவிட் கில்மோரின் கிட்டார் வரும்போது மட்டும் தாளம் நான்குக்கு மாறிவிடுகிறது. கில்மோர் தடையில்லாமல் வாசிக்கிறார், கேட்பவரும் தலையாட்டிக்கொண்டு கூடப் போகிறார். கேட்பவருக்கு இப்படி இடம் விட்டுக்கொடுப்பதைச் சமரசம் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது பெருந்தன்மையாகவே படுகிறது. கடினமானதை வைத்துக்கொண்டே வாசலை அகலமாகத் திறந்துவைக்க முடியும் என்று காட்டிய இசை அது.

‘ஈஸி மணி’யில் அந்த வாசல் இல்லை. அங்கேயும் ஒலிகள் இருக்கின்றன. ஆனால் அளந்து வெட்டிய ஒலிகள் இல்லை. மியூர் கைக்கு அகப்பட்டதையெல்லாம் தட்டுகிறார், உரசுகிறார், இழுக்கிறார். பாட்டின் முடிவில் ஒரு பொம்மை விடாமல் சிரிக்கிறது. ஜான் வெட்டனின் பாஸ் கிட்டார் நடந்துகொண்டிருக்க, மற்றவை எந்தப் பக்கத்திலிருந்து எப்போது வரும் என்று சொல்லமுடியாது. பல தடவை கேட்டபிறகும் அடுத்த ஒலி எங்கே விழும் என்பதில் ஒரு தயக்கம் எனக்கு மிஞ்சுகிறது.

இந்த மியூரைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் தட்டின் உயிர் அவரிடம் இருக்கிறது. ராபர்ட் ஃபிரிப்பின் கிரிம்சன் அதற்குள் பலமுறை சிதறியிருந்தது. 1969இல் முதல் தட்டு வெளிவந்து சில வாரங்களிலேயே இருவர் விலகினார்கள். பிறகு, பாடிவந்த கிரெக் லேக், ‘எமர்சன், லேக் அண்ட் பால்மர்’ குழுவைத் தொடங்கப் போனார். 1972இல் ஃபிரிப் முற்றிலும் புதிதாக ஆள் சேர்த்தார். வெட்டன், வயலினுக்கு டேவிட் கிராஸ், டிரம்ஸுக்கு பில் புரூஃபர்ட், கூடவே தாளவாத்தியங்களுக்கென்று மியூர். புரூஃபர்ட் வந்தது வியப்புக்குரிய முடிவு. ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ தட்டோடு உச்சியில் நின்ற யெஸ் குழுவை விட்டுவிட்டு வந்தார். மியூரோ டெரெக் பெய்லி போன்றவர்களோடு முன்தீர்மானமில்லாத இசையை வாசித்து வந்தவர். தகரத்தாள்கள், சங்கிலிகள், பொம்மைகள் எல்லாம் அவருடைய வாத்தியங்கள். இந்த இசை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, கூழில் உறையவைத்த வானம்பாடி நாக்குகள் போல என்று அவர் சொன்ன பதில்தான் தட்டின் பெயரானது. இசை வாசிப்பவருக்காக இல்லை, வாசிப்பவர்தான் இசைக்காக இருக்கிறார் என்பதை மியூரிடம் கற்றதாகப் புரூஃபர்ட் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லிவந்தார்.

தட்டு வெளிவருவதற்குள் மியூர் போய்விட்டார். ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்தில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில் புரூஃபர்ட்டின் திருமண விருந்தில் யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனைச் சந்தித்து, பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ பற்றி அவரிடம் பேசினார். அந்தப் புத்தகத்தில் சாஸ்திரங்களைப் பற்றி இருந்த ஓர் அடிக்குறிப்பிலிருந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்ற இரட்டைத்தட்டு பிறந்தது. ஒரு குழுவில் சில மாதங்களே இருந்த ஒருவர் இரண்டு குழுக்களின் போக்கைத் திருப்பினார் என்பது ராக் வரலாற்றில் அபூர்வம்.

எதிர்பாராதது ஃபிளாய்டிடம் இல்லவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுடைய தட்டிலும் மனம் நெகிழும் இடங்கள் தற்செயலாக வந்தவை. ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டுக்காகக் கிளேர் டோரி என்ற பாடகியை ஒரு ஞாயிறு இரவு வரவழைத்தார்கள். வரிகள் கிடையாது, மரணத்தை நினைத்துக்கொண்டு பாடு என்பது போன்ற ஒரு குறிப்பைத் தவிர வேறு வழிகாட்டலும் கிடையாது. தன் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு அவர் சில தடவை பாடினார், 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பாட்டின் ஆக்கத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு வழக்குத் தொடுத்து, பெயரும் பெற்றார். அது அவருக்கு உரிய நியாயம். வாட்டர்ஸ் அட்டைகளில் எழுதிவைத்த கேள்விகளுக்கு அபே ரோட் ஸ்டுடியோவில் இருந்தவர்களெல்லாம் பதில் சொன்னார்கள். பால் மெக்கார்ட்னியின் பதில்கள் பயன்படவில்லை, வாயிற்காவலர் ஜெரி ஓட்ரிஸ்கோலின் குரல் தட்டை முடித்துவைக்கிறது. புகழ்பெற்றவர் ஜாக்கிரதையாகப் பேசினார், காவலர் மனத்தில் பட்டதைச் சொன்னார்.

ஆனால் அந்தத் தற்செயல்களை ஃபிளாய்ட் வெட்டி, பொருத்தி, அதற்குமேல் அசையாதபடி நிலைநிறுத்திவிட்டார்கள். எஞ்சினியர் ஆலன் பார்சன்ஸ் பழைய கடிகாரக் கடையில் பதிந்துவைத்திருந்த மணியோசைகள் ‘டைம்’ பாட்டில் ஒரே நொடியில் ஒன்றாக அடிப்பது இனி என்றைக்கும் அதே நொடியில்தான். டோரியின் குரல் மேலேறி உடையும் இடத்தை உலகம் முழுவதும் கோடிப்பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஓர் இசைத்தட்டு என்ற அளவில் இதைவிட முழுமையான ஒன்றை ராக் இசையில் நான் கேட்டதில்லை.

கிரிம்சனின் தட்டைப் பற்றி அப்படிச் சொல்லமுடியாது. பதிவில் ஒலி மெலிந்திருக்கிறது. மேடையில் இந்தக் குழு எழுப்பிய வேகத்தில் ஒரு பங்குதான் தட்டில் ஏறியது. அவர்களுடைய முழு உருவத்தைக் கேட்கவேண்டுமானால் 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபோ அரங்கில் நடந்த கச்சேரிக்குப் போகவேண்டும். அடுத்த தட்டான ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’கின் பெரும்பகுதி அங்கே வாசித்ததுதான்; கைதட்டலை நீக்கிவிட்டுச் சேர்த்தார்கள். அதில் ‘டிரியோ’ என்றொரு பகுதி உண்டு. வயலினும் மெல்லோட்ரானும் பாஸும் அந்த நிமிடத்தில் தோன்றியதை மெதுவாக வாசித்துக்கொண்டே போக, புரூஃபர்ட் குச்சிகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு கடைசிவரை ஒரு அடிகூட அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். வாசிக்காமல் இருந்ததற்காகவே அவரையும் அந்தப் பகுதியின் ஆக்கியோர் பட்டியலில் சேர்த்தார்கள். மியூர் போய்விட்டிருந்தாலும் அவர் கற்பித்தது அந்த மேடையில் இருந்தது. என்ன வரும் என்று தெரியாத இசையில் ஒருவர் அடிக்காமல் இருப்பதும் ஆக்கம்தான் என்று ஒரு குழு ஒப்புக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடுகிறது.

பின்னால் நடந்தவற்றில் இரண்டு விடைகளும் தங்கள் விலையைக் கேட்டு வாங்கின. ‘டார்க் சைட்’ தந்த வெற்றி ஃபிளாய்டை எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டுப்படுத்தும் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனது. ‘தி வால்’ காலத்தில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டுச் சம்பளத்துக்கு வாசித்தார். 1985இல் வாட்டர்ஸ் விலகி, பெயருக்காக வழக்கும் நடந்தது. கிரிம்சனுக்கு நீடிப்பே கடினமாயிற்று. 1974இல் ‘ரெட்’ வெளிவரும் முன்பே ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார். பிறகு 1981இல், 1994இல், 2013இல் என்று வேறு வேறு ஆட்களோடு திரும்பத் திரும்ப எழுப்பினார்; கடைசிக் கச்சேரி 2021 டிசம்பரில் டோக்கியோவில்.

1994இல் ஃபிளாய்ட், வாட்டர்ஸ் இல்லாமல், ‘டார்க் சைட்’ முழுவதையும் மேடையில் வாசித்தார்கள். தட்டில் உள்ளபடியே வரவேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு, அப்படியே வந்தது, அரங்குகள் நிறைந்தன. 2014இல் மூன்று டிரம்மர்களை மேடையின் முன்வரிசையில் உட்காரவைத்து கிரிம்சன் திரும்பியபோது ‘லார்க்ஸ் டங்ஸ்’ தட்டின் முதல் பகுதியை எடுத்தார்கள். மியூரின் கருவிகளுக்குப் பதிலாக பாட் மாஸ்டெலோட்டோ தன்னுடைய தட்டுமுட்டுகளைக் கொண்டுவந்தார். தட்டில் வயலின் தனித்து ஒலிக்கும் இடத்தை மெல் காலின்ஸின் புல்லாங்குழலுக்குக் கொடுத்தார்கள். அதில் அவர் ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு, வேறு வேறு மெட்டுகளைக் கோத்து வாசித்தார்.