நியமனத்துக்கு முந்தைய தேர்வு வழக்குகள்

அரசுப் பணிக்கான அறிவிக்கை வெளியானதற்கும் நியமன ஆணை வழங்கப்படுவதற்கும் இடைப்பட்ட காலத்தில், தேர்வு நடைமுறையை எதிர்த்துத் தொடுக்கப்படும் வழக்குகள். இந்தியாவில் இவற்றுக்கு அடித்தளம் அரசியல் சாசனத்தின் 14, 16 ஆகிய பிரிவுகள். மாநிலப் பணி என்றால் பெரும்பாலும் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவார்கள். மத்திய அரசுப் பணி என்றால் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். வேலையில் இன்னும் சேராதவரும் அங்கே மனுச் செய்யலாம். ஆளெடுப்பும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. தீர்ப்பாயத்தின் முடிவை உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வில் எதிர்க்கலாம் என்பது சந்திரகுமார் வழக்கில் 1997இல் உறுதியானது. தமிழ்நாட்டின் மாநிலத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டுவிட்டதால், மாநிலப் பணித் தேர்வர்கள் நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ அதன் மதுரைக் கிளைக்கோ செல்கிறார்கள்.

தேர்ச்சிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் வேலை உறுதி என்பது பொதுவான நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஹரியானாவில் சார்பு நீதிபதி பணியிடங்கள் 15 காலியாக இருந்தும், 55 விழுக்காட்டுக்குக் கீழே பெற்றவர்கள் வேண்டாம் என்று முதல் ஏழு பேரோடு அரசு நிறுத்திக்கொண்டது. விதிப்படி 45 விழுக்காடு போதும். ஆனாலும் சுபாஷ் சந்தர் மார்வாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இல் அரசின் பக்கமே நின்றது. சங்கர்சன் தாஷ் வழக்கில் (1991) ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதிசெய்தது: பட்டியலில் இருப்பவருக்கு நியமனம் பெறும் தகர்க்க முடியாத உரிமை இல்லை, அதற்காக அரசு மனம்போனபடி இடங்களைக் காலியாக விடவும் கூடாது. நடைமுறையில் அரசு ஏதேனும் ஒரு காரணத்தைப் பதிவுசெய்துவிட்டால், பட்டியலில் உள்ளவரின் நிலை பலவீனமாகிவிடுகிறது.

பட்டியலில் இடம்பெறும் உரிமை இதிலிருந்து வேறானது. ஆந்திர மாவட்ட நீதிபதி தேர்வில் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்த பிறகு, நேர்முகத்துக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு என்றார்கள். மஞ்சுஸ்ரீ வழக்கில் (2008) அது செல்லாது என்று தீர்ப்பானது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தின் 13 மொழிபெயர்ப்பாளர் பணியிடங்களுக்குத் தேர்வு முடிந்த பின் 75 விழுக்காடு கட்டாயம் என்று அறிவித்ததில் எழுந்த தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கு 2013இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. விடை கிடைத்தது 2024 நவம்பர் 7 அன்று. அறிவிக்கையில் தொடங்கி இடங்கள் நிரம்புவதுவரை ஆளெடுப்பு ஒரே நடவடிக்கை என்றும், விதியோ அறிவிக்கையோ இடம் தராதவரை தகுதி நிபந்தனைகளை நடுவில் மாற்ற முடியாது என்றும் ஐந்து நீதிபதிகள் கூறினர். ஒரு கட்டத்துக்கான அளவுகோலை, அந்தக் கட்டத்தைத் தேர்வர் எட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் தவறில்லை.

தேர்வருக்கு உண்மையான சிக்கல் காலம்தான். தேர்வில் கலந்துகொண்டு, தோற்ற பிறகு அதன் முறையைக் குறைகூற முடியாது என்பது மதன்லால் வழக்கு (1995) முதல் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் நெறி. ஆனால் முடிவு வருமுன்பே போனால், பாதிப்பு இன்னும் ஏற்படவில்லை, மனு முதிரவில்லை என்ற எதிர்வாதம் காத்திருக்கும். இந்த இறுக்கத்தை மீத்தா சஹாய் வழக்கு (2019) ஓரளவு தளர்த்தியது: நடைமுறையில் அப்பட்டமான சட்டமீறல் இருந்தால், கலந்துகொண்டவரும் கேள்வி கேட்கலாம். முன்கூட்டியே வழக்குப் போடுவதில் ஒரு வசதியும் உண்டு. பட்டியல் வந்துவிட்டால் தேர்வானவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் பட்டியலைக் கலைக்க முடியாது.

விடைக்குறிப்பு வழக்குகள் எண்ணிக்கையில் மிகுதி, வெற்றியில் குறைவு. விடை தவறு என்பது நீண்ட விளக்கம் தேவைப்படாமலே புலப்பட வேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்திய அமைப்புக்கே என்று ரண் விஜய் சிங் வழக்கு (2017) கூறுகிறது.

முறைகேடு நிரூபணமானால் அடுத்த கேள்வி, தேர்வு முழுவதையும் ரத்துசெய்வதா என்பது. சிபிஐ காவலர் பணியிடங்கள் 134க்கான தேர்வில் 31 பேரின் தேர்வு மட்டுமே தவறு என்று மறுஆய்வில் தெரிந்தும் பட்டியல் மொத்தமும் ரத்தானது; 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரித்தெடுக்க முடியாதபடி கறை பரவியிருந்தால் முழு ரத்து செல்லும்.

தெலங்கானா குரூப் 1 தேர்வு இதற்கு அண்மைக்காலச் சான்று. 503 இடங்களுக்கான முதனிலைத் தேர்வு 2022 அக்டோபரில் நடந்து, வினாத்தாள் கசிவு வெளிப்பட்டதால் 2023 மார்ச்சில் ரத்தானது. ஜூனில் மீண்டும் நடத்தினார்கள். அறிவித்தபடி கைரேகைப் பதிவு எடுக்கப்படவில்லை என்பது உள்ளிட்ட குறைகளுக்காக உயர் நீதிமன்றம் செப்டம்பரில் அதையும் ரத்துசெய்தது. யாரும் பணியில் சேர்ந்திருக்கவில்லை என்பதால் எவரையும் வேலையிலிருந்து இறக்க வேண்டிய நிலை எழவில்லை. சுமை முழுவதும் தேர்வெழுதிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலையில் விழுந்தது. 2024 பிப்ரவரியில் 563 இடங்களுக்குப் புது அறிவிக்கை வந்தது. அதன் முதன்மைத் தேர்வு விடைத்தாள் மதிப்பீடும் 2025இல் அதே உயர் நீதிமன்றத்தில் வழக்கானது.