சினைப்பைக் கட்டியும் மூளையழற்சியும்: ஒரு நோய் பெயர் பெற்ற வரலாறு

2005ஆம் ஆண்டு 'ஆனல்ஸ் ஆஃப் நியூராலஜி' இதழில் நான்கு பெண்களைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை ஒன்று வெளிவந்தது. மனநோயை ஒத்த அறிகுறிகள், வலிப்பு, நினைவிழப்பு, உணர்வு மங்கல் ஆகியவற்றோடு, மூச்சை இயக்கும் மூளைப்பகுதியின் தளர்ச்சியும் நால்வரிடமும் காணப்பட்டது. நால்வரின் சினைப்பையிலும் டெரட்டோமா என்னும் கட்டி இருந்தது. ஆய்வை வழிநடத்தியவர் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்பானிய நரம்பியலாளர் ஜோசப் டால்மாவ்.

உடலின் வேறோர் உறுப்பில் தோன்றும் கட்டி மூளையைப் பாதிக்கக்கூடும் என்பது அன்று புதிய செய்தியன்று. ஆனால் அதுவரை நன்கு அறியப்பட்டிருந்த நேர்வுகளில் பெரும்பாலானவை நுரையீரல் புற்றுநோய் போன்றவற்றைச் சார்ந்தவை. நோயாளிகளும் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்கள். அவர்களின் எதிர்ப்பொருள்கள் நரம்புச் செல்லின் உள்ளே இருக்கும் புரதங்களை நோக்கியவை. செல்கள் மடிந்துவிடும், மீட்சி அரிது. இளம்பெண்களிடம் கண்ட இந்நோயோ சிகிச்சைக்கு இணங்கியது. 1997இலேயே ஜப்பானிய மருத்துவர்கள், சினைப்பை டெரட்டோமாவோடு வந்து பின்னர் குணமடைந்த மூளையழற்சியைத் தனித்தனி நேர்வுகளாகப் பதிவுசெய்திருந்தனர். அந்நாட்டில் இதையொத்த நோய் ஒன்றுக்கு 'இளம்பெண்களுக்கு வரும், ஹெர்பிஸ் சாராத தீவிர மூளையழற்சி' என்ற பொருளில் ஒரு நீண்ட பெயரும் வழங்கியது. யாருக்கு வருகிறது, எதனால் வரவில்லை என்ற இரண்டை மட்டுமே சொல்லக்கூடிய பெயர் அது. எதிர்மறையால் வரையறுக்கப்பட்ட ஒன்றைத் தேடிச் சோதிக்க வழியில்லை.

'டெரட்டோமா' என்ற சொல்லின் வேர், விகார உருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கருச்செல்களிலிருந்து வளரும் அக்கட்டிக்குள் முடி, பல், கொழுப்பு எல்லாம் இருக்கக்கூடும். பல்லையும் முடியையும் கண்டு வியந்தவர்கள் பலர். இந்நோயின் திறவுகோலோ, அதே கட்டிக்குள் சில வேளைகளில் காணப்படும் நரம்புத் திசு.

2007இல் டால்மாவின் குழு அடுத்த கட்டுரையை வெளியிட்டது. பதப்படுத்திய மூளைத் திசுவில் எதிர்ப்பொருளைத் தேடும் பழைய முறைகள், செல்லின் மேற்பரப்பை நோக்கியவற்றைப் பெரும்பாலும் தவறவிட்டன. ஆகவே, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட, உயிருள்ள எலி நரம்புச் செல்களைக் கொண்டு சோதித்தனர். நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள் அச்செல்களின் மேற்பரப்பில் படிந்தன. அவை பற்றிக்கொண்ட இலக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி. (அப்பெயரும் ஒரு விந்தைதான்: மூளை இந்த ஏற்பியை இயக்கப் பயன்படுத்துவது குளுட்டமேட், பெயரோ ஆய்வாளர்கள் சோதனைக்குப் பயன்படுத்திய வேறொரு வேதிப்பொருளிலிருந்து வந்தது.)

அக்கட்டுரையில் 12 பெண்கள் இடம்பெற்றனர். 11 பேருக்குச் சினைப்பையிலும் ஒருவருக்கு மார்பறையிலும் கட்டி. சோதிக்கப்பட்ட ஐந்து கட்டிகளிலும் நரம்புத் திசு இருந்தது. அத்திசுவில் அதே ஏற்பியின் கூறுகள் இருந்தன. கட்டிக்கு எதிராக எழுந்த தற்காப்பு, அதே அடையாளம் தாங்கிய மூளையையும் தாக்குகிறது என்ற விளக்கம் இவ்வாறு உறுதிபெற்றது. கட்டியை அகற்றித் தடுப்பாற்றல் சிகிச்சையும் பெற்ற ஒன்பது பேரில் எட்டுப் பேர் தேறினர். கட்டி அகற்றப்படாத மூவரில் இருவர் இறந்தனர்.

எதிர்ப்பொருள்கள் நரம்புச் செல்லைக் கொல்வதில்லை. ஏற்பிகளைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளச் செய்கின்றன, அவ்வளவே. எதிர்ப்பொருள் குறைந்தால் ஏற்பிகள் மேற்பரப்புக்கு மீள்கின்றன. பல மாதங்கள் தன்னுணர்வின்றிக் கிடந்தவர்களும் எழுந்து நடப்பது இதனால்தான். இதே ஏற்பியை முடக்கும் கெட்டமைன், ஃபென்சைக்ளிடின் ஆகியவை மனப்பிறழ்வை ஒத்த நிலையைத் தோற்றுவிப்பதை மருந்தியலாளர்கள் பல பத்தாண்டுகளாக அறிந்திருந்தனர். அந்த அறிவு ஒரு துறையிலும், சினைப்பைக் கட்டியைப் பற்றிய அறிவு மற்றொன்றிலும், நோயாளி மூன்றாவதான மனநலப் பிரிவிலும் இருந்தது இவ்வரலாற்றின் வேதனையான பகுதி.

பின்னர் எண்ணிக்கை பெருகியது. 2008இல் 100 நோயாளிகள்; 2013இல் 577. பிந்தைய ஆய்வில் கட்டி இருந்தவர்கள் 38 விழுக்காட்டினர் மட்டுமே. ஆண்களும் குழந்தைகளும் பட்டியலில் இருந்தனர். ஹெர்பிஸ் மூளையழற்சியைத் தொடர்ந்தும் இந்நோய் எழக்கூடும் என்பதும் தெரியவந்தது. நோயைக் கண்டுபிடிக்கக் காரணமான கட்டியே நோய்க்கு இன்றியமையாததன்று என்றாயிற்று. 2009இல் 24 வயதில் நோயுற்ற நியூயார்க் பத்திரிகையாளர் சுசன்னா கஹாலனுக்கும் கட்டி இல்லை. மருத்துவர் சூஹேல் நஜ்ஜார் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னபோது, எல்லா எண்களையும் அவர் வலப்பாதியிலேயே எழுதினார். சிக்கல் மூளையில்தான் என்பதற்கு அந்தத் தாள் வலுவான தடயமாயிற்று. 2012இல் வெளிவந்த அவரது நூலின் வழியே இந்நோயை அறிந்தவர்கள் ஏராளம். கட்டியிலிருந்து தொடங்கிய முன்கதை அவர்களில் பலரை எட்டவில்லை.

பெயர் கிடைத்ததும் பழைய ஆவணங்களில் அதைத் தேடும் ஆவல் எழுவது இயல்பு. முதல் உலகப்போர்க் காலத்தில் பரவிய உறக்கநோயையும், இடைக்கால ஐரோப்பாவின் பேய்பிடித்தல் பதிவுகளையும் இதனோடு இணைப்போர் உண்டு. குருதியோ தண்டுவடத் திரவமோ கையில் இல்லாத நிலையில் அவை ஊகங்களே. சோதிக்கத்தக்க மாதிரி இருந்த இடத்தில்தான் உறுதியான விடை கிடைத்தது. கலிஃபோர்னிய மூளையழற்சித் திட்டத்துக்குக் காரணம் விளங்காத நேர்வுகளாக வந்தவற்றில், 30 வயதும் அதற்குக் குறைவுமானவர்களை ஆராய்ந்த அறிக்கை 2012இல் வெளியானது. என்டரோவைரஸால் நோயுற்றவர்கள் 30 பேர். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் 7 பேர். ஐந்தாண்டுகளுக்கு முன்வரை சோதித்தறிய வழியே இல்லாதிருந்த இந்நோயால் பாதிக்கப்பட்டவர்கள் 32 பேர்.