ராக்கெட் எரிபொருளும் ஒரு டிபி மாத்திரையும்

"டிபி மாத்திரை சரிங்க டாக்டர், கூட இந்த வைட்டமின் எதுக்குங்க?" அவிநாசியில் எங்க ஓபியில் அடிக்கடி வரும் கேள்வி. கால் மரத்துப் போகாம இருக்கன்னு ஒரே வரியில சொல்லி அனுப்பிடுவேன். முழுப் பதிலுக்குள்ள ஒரு ராக்கெட் இருக்கு. அதை ஓபியில சொன்னா வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிடும், அதனால இங்க.

டிபிக்குக் கொடுக்கும் ஐசோநியாசிட், ஹைட்ரசின் என்ற வேதிப்பொருளிலிருந்து செய்வது. 1912லேயே பிராகில் செய்துவிட்டார்கள். அது டிபி கிருமியைக் கொல்லும்னு தெரிஞ்சது 1952லதான். இடையில் உலகப்போர். ஜெர்மனி தன் மீ 163 ராக்கெட் விமானத்துக்காக ஹைட்ரசினைத் தயாரித்துக் குவித்தது. போர் முடிந்ததும் மிச்சம் இருந்தது மலிவா மருந்துக் கம்பெனிகள் கைக்கு வந்துச்சு. அந்த மருந்தை வெச்சுத்தான் நம்ம சென்னை சேத்துப்பட்டு ஆய்வு மையம், சானடோரியம் வேண்டாம், வீட்டிலிருந்தே டிபியைக் குணமாக்கலாம்னு 1959ல உலகத்துக்கே காட்டுச்சு.

ஆனா ஹைட்ரசின் குடும்பத்துக்கு ஒரு கெட்ட குணம். உடம்பில் வைட்டமின் பி6ஐ வேலை செய்ய விடாது. கொஞ்சமா இருந்தா கால் மரத்துப்போகும், அளவு மீறினா வலிப்பு வரும். வழக்கமான வலிப்பு மருந்துக்கு அது லேசில் அடங்காது, பி6 ஊசி போடணும். ராக்கெட் எரிபொருளால் வலிப்பு வந்தவருக்கும் இதே ஊசிதான்!

இஸ்ரோவின் விகாஸ் எஞ்சின், பிரான்சின் வைக்கிங் எஞ்சினிலிருந்து வந்தது. 1970களில் நம்பி நாராயணன் குழு அங்கேயே போய்க் கற்றுவந்தது. அதன் எரிபொருள் யூடிஎம்ஹெச், ஹைட்ரசினோட பங்காளி. நைட்ரஜன் டெட்ராக்சைடு பட்டதும் தானாப் பத்திக்கும், சாதாரண வெப்பத்தில் டாங்கிலேயே கிடக்கும். இந்த வசதிதான் அதை விட முடியாம வெச்சிருக்கு. 1980ல் ஏரியன் ராக்கெட்டின் இரண்டாவது பயணம் எரிதல் சீராக இல்லாமல் தோற்றபிறகு, கால் பங்கு ஹைட்ரசின் ஹைட்ரேட் கலந்தார்கள். எரிதல் சீராச்சு. விஷம் அப்படியே இருந்துச்சு.

கூட்டாளி நைட்ரஜன் டெட்ராக்சைடும் சாது இல்லீங்க. 1975 ஜூலையில் அப்போலோ கலம் பூமிக்குத் திரும்பும்போது அந்தப் புகை உள்ளே வந்து, மூன்று வீரர்களும் ஹொனலூலு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாச்சு. இந்தப் புகையில் மோசமானது தாமதம்தான். முதல்ல வெறும் இருமல், சில மணி நேரம் கழிச்சு நுரையீரலில் நீர் கோத்துக்கும்.

மாற்று நம்ம திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் தயாராகுது. சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் (ரேஷன் கடை மண்ணெண்ணெய் இல்லீங்க!). எடைக்கு எடை உந்துவிசையும் இதில் அதிகம். 2,000 கிலோ நியூட்டன் எஞ்சினுக்கான முதல் வெற்றிகரமான சூடு சோதனை 2025 மார்ச் 28ல் நடந்தது, வெறும் 2.5 வினாடி. ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரியில் வெச்சிருக்கணும், அது தனித் தலைவலி.

ககன்யானில் நம்ம ஆட்களை ஏற்றிப்போகும் ராக்கெட்டின் நடு அடுக்கில் இப்போதைக்கு இரண்டு விகாஸ்தான்.