வானத்தின் வரலாறும் நாளாந்த ஒளிப்படமும்

வரலாற்று மாணவன் சாசனங்களையும் ஏடுகளையும் நாணயங்களையும் மூலாதாரங்களாகக் கொள்ளப் பழகியவன். மலையும் ஆறும் வானமும் அவனுக்குப் பெரும்பாலும் நிகழ்ச்சிகள் நடைபெறும் களங்களே; அவையும் வரலாறு உடையன என அவன் எண்ணுவதில்லை. எனினும், மலைக்கும் ஆற்றுக்கும் ஓரளவு வரலாறு எழுதிவிடலாம். அவை விட்டுச் சென்ற தடங்கள் நிலத்திற் கிடக்கின்றன. வானமோ கண்ணுக்குத் தெரியும் தடம் எதனையும் விட்டுச் செல்வதில்லை. நேற்றைய முகில் இன்று இல்லை. அவ்வாறாயின் அதற்குச் சான்று தேடுவது எங்ஙனம்? ஓரிடத்தில் நின்று, ஒரு திசையை நோக்கி, நாள் தவறாது ஒளிப்படம் எடுத்துவைத்தல் என்னும் எளிய பழக்கம் இவ்வினாவுக்கு ஒரு சிறந்த விடையாகும். ஆயின், அவ்விடை எளிதிற் கிட்டியதன்று.

ஒளிப்படக்கலை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால், அக்கலை வானத்தைப் பொறுத்தவரை நெடுங்காலம் குருடாகவே இருந்தது. அக்காலத் தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக ஏற்றன. பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றை ஏற்கும் ஆற்றல் அவற்றிற்கு மிகக் குறைவு. இதனால் நீல வானும் வெண்முகிலும் வேறுபாடு தெரியாது ஒரே வெண்மையாயின. மேலும், நிலத்தைத் தெளிவாகப் பதிவதற்கு வேண்டிய நேரம் வானத்துக்கு மிகையாயிற்று. பிரெஞ்சுக் கலைஞரான குஸ்தாவ் லு கிறே 1856, 1857 ஆகிய ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் இக்குறையை ஓர் உபாயத்தால் நீக்கினார். கடலுக்கு ஓர் எதிர்ப்படம், வானுக்கு வேறோர் எதிர்ப்படம் என இரண்டை எடுத்து, அவற்றை ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். ஒரே வானம் வெவ்வேறு கடல்களின் மேல் தோன்றும் படங்களும் அவருடையவற்றுள் உள. கலை என்ற வகையில் இவை உயர்ந்தவை. வரலாற்றுச் சான்று என்ற வகையிலோ, அவ்வானம் அக்கடலுக்கு உரியதன்று. கண்ணால் கண்டதை அப்படியே பதிவது ஒளிப்படம் என நம்பும் மாணவன் இவ்விடத்தில் ஒருகணம் நின்று சிந்தித்தல் வேண்டும்.

ஒளிப்படத்தின் இக்குறை பெரிதும் உணரப்பட்ட காலம் 1883 ஆகும். அவ்வாண்டு ஓகஸ்ட் 26, 27ஆம் திகதிகளில் சுந்தா நீரிணையிலுள்ள கிறக்கற்றோவா எரிமலை வெடித்தது. அதன் நுண்துகள்கள் வளிமண்டலத்தின் மேற்படைகளில் உலகெங்கும் பரவின. செப்ரெம்பர் முற்பகுதியில் எமது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் நீலமாகவும் பச்சையாகவும் தோன்றியமை எழுத்திற் பதிவாகியுள்ளது. ஆண்டிறுதியில் ஐரோப்பாவின் மாலை வானம் வழக்கத்துக்கு மாறான செந்நிறம் பூண்டது. நிறத்தைப் பதியும் ஆற்றல் கமராவுக்கு அன்று இல்லாமையால், இலண்டன் செல்சிப் பகுதியில் வாழ்ந்த வில்லியம் அஸ்குரொவ்ற் என்னும் ஓவியர் வண்ணக்கோல்களைக் கையிலெடுத்தார். தேம்ஸ் நதிக்கரையில் நின்று, ஒரே மாலையில் வானின் நிறம் மாற மாறப் படத்தின்மேற் படமாக வரைந்தார். இவ்வாறு அவர் வரைந்தவை ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. 1883 நவம்பர் 26ஆம் திகதி மாலையில் அவர் வரைந்த தொடரை, எரிமலை பற்றி இலண்டன் றோயல் கழகம் 1888இல் வெளியிட்ட அறிக்கை தன் முகப்பிற் கொண்டுள்ளது.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. அஸ்குரொவ்ற்றின் வானம் அசாதாரணமானது என நாம் எதனைக்கொண்டு கூறுகின்றோம்? வெடிப்புக்கு முந்திய மாலைகளும் அவ்வாறே ஓரிடத்தில் நின்று வரையப்பட்டிருப்பின், அவற்றோடு இவற்றை ஒப்பிட்டிருக்கலாம். ஒப்பீட்டுக்குரிய சாதாரண நாட்களை எவரும் ஒரு பொருளாகக் கருதிப் பதிந்துவைப்பது அரிது. அரசர் மாண்ட ஆண்டை ஏடு கூறும். குடியானவன் வழமைபோல உழுத ஆண்டை அது கூறாது. வானத்தின் வரலாற்றிலும் நிலைமை இதுவே.

இதற்கிடையில் தகட்டின் குறை சிறிது சிறிதாக நீங்கிற்று. 1873இல் ஜேர்மானியரான ஹேர்மன் போகல், சாயங்களைச் சேர்ப்பதன் மூலம் தகடுகளைப் பச்சை ஒளிக்கும் உணர்வுடையனவாக்கலாம் எனக் கண்டார். முகில் ஒளிப்படம் வளிமண்டலவியலாரின் கருவியாகிற்று. இங்கிலாந்தின் லூக் ஹவாட் 1802இல் ஆற்றிய உரையில் முகில்களைக் கீற்று, திரள், படை என வகுத்து இலத்தீன் பெயரிட்டிருந்தார். ஆயினும், ஒரு நாட்டார் ஒரு பெயராற் குறித்ததையே மற்றொரு நாட்டாரும் குறித்தனர் என்பதற்கு உறுதி இருக்கவில்லை. சுவீடனைச் சேர்ந்த ஹில்டெபிராண்ட்சன் முதலியோர் 1896இல் வெளியிட்ட சர்வதேச முகிற் படநூல் இக்குறையைத் தீர்த்தது. சொல்லால் முடியாததைப் படம் செய்தது. எனினும், அந்நூலின் ஒவ்வொரு படமும் ஒரு கணத்துக்கே உரியது. முகிலின் வகை அதில் உண்டு. முகிலின் வாழ்வு அதில் இல்லை.

அவ்வாழ்வைப் பதிந்தவர்களுள் யப்பானிய பௌதிகவியலாளரான மசனாவோ அபே தனித்துக் குறிப்பிடத்தக்கவர். பிரபு குடும்பத்தைச் சேர்ந்த இவர் (1891–1966), 3,776 மீற்றர் உயரமுள்ள பியூஜி மலையை நேரே காணத்தக்க கோதெம்பாவில், 1920களின் பிற்பகுதியில் தம் சொந்த அவதான நிலையத்தை அமைத்தார். அங்கிருந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அம்மலையைச் சூழ்ந்த முகில்களை ஒளிப்படமாகவும் சினிமாச் சுருளாகவும் பதிந்து வந்தார். பியூஜி தொப்பி அணிந்தால் மழை வரும் என்பது அந்நாட்டார் வழக்கு. மலையுச்சியில் அசையாது கவிந்திருக்கும் முகிலையே அவர்கள் தொப்பி என்றனர். அது உண்மையில் அசையாது இருக்கும் பொருளன்று. ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிரும்போது அதன் ஆவி ஒடுங்கி நுண்துளிகளாகின்றது. மறுபுறம் கீழிறங்கும்போது அத்துளிகள் மீண்டும் ஆவியாகின்றன. துளிகள் ஓயாது கடந்துசெல்ல, வடிவம் மாத்திரம் நிலைத்து நிற்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத காற்றின் ஓட்டத்தை முகிலைக்கொண்டு காண்பதே அபேயின் நோக்கமாகும். தனிப்படம் ஒன்றால் இந்நோக்கம் நிறைவேறாது. ஒரே சட்டகத்துள் ஒரே மலை மீண்டும் மீண்டும் நின்றமையாலேயே, மாறுவது எது, மாறாதது எது என அவரால் பிரித்தறிய முடிந்தது.

இதுவரை நோக்கியவற்றிலிருந்து ஓர் உண்மை துலங்குகின்றது. தனிப்படம் அழகைத் தரலாம். தொடர்ச்சியே சான்றைத் தருகின்றது. நாளாந்தப் படங்களுட் பெரும்பாலானவை ஒன்றையொன்று ஒத்தனவாய்ச் சலிப்பூட்டும் என்பது மெய்யே. ஆயின், அச்சலிப்பே அவற்றின் பெறுமதியாகும். எதுவும் நிகழாத நாளின் படமே, ஏதோ நிகழ்ந்த நாளை அளக்கும் அளவுகோல். படமெடுப்பவனும் தான் எதற்குச் சான்று சேர்க்கின்றான் என்பதை அன்று அறியான். அதனை அறிபவன் பின்வரும் ஆய்வாளன்.

இத்தகைய சான்றும் குறையற்றதன்று. நிற்கும் இடத்தையும் திசையையும் நேரத்தையும் தெரிந்தெடுப்பவன் மனிதனே. சட்டகத்துக்கு வெளியிலுள்ளதும் இரவில் நிகழ்வதும் அவனுக்குத் தப்பிவிடுகின்றன. ஆகவே இடம், திசை, நேரம் ஆகிய மூன்றும் படத்தோடு எழுதிவைக்கப்படல் வேண்டும். அவை இன்றேல் அப்படம் லு கிறேயின் வானம்போல எக்கடலுக்கும் பொருந்திவிடும்.

இன்று கமரா எல்லோர் கையிலும் உண்டு. ஆயினும், செவ்வானம் பூத்த மாலைகளே படமாகின்றன. மப்பும் மந்தாரமுமான நாட்கள் கைவிடப்படுகின்றன. அரசர் கதைகளை மாத்திரம் எழுதிய பண்டைய ஏட்டாசிரியரை நாம் குறைகூறுகின்றோம். அதே குறையை வானத்தின் பதிவேட்டில் நாமும் செய்யலாகாது.