முப்புரிக் கயிறும் சென்னைப் பேராசிரியரும்



ஆட்டுக்கால் சூப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடித்தாலும் அறுபடாத நாரும் தோலும் மணிக்கணக்காகக் கொதித்தால் இளகிக் கரைகின்றன. சூப்பு நன்றாக ஆறிவிட்டால் பசை மாதிரி உறைந்துபோகும். அந்த நாரிலே உள்ள புரதத்திற்குக் கொலாஜன் என்று பெயர். பால்மரம் சீவும் நம் கையிலே தசையை எலும்போடு கட்டி வைத்திருப்பதும் அதுவே. அதன் அமைப்பைக் கண்டு உலகுக்குச் சொன்னவர், சென்னையில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன்.

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்த இவர், சர் சி. வி. இராமனின் மாணவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். அங்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்றார். இராமச்சந்திரன் அதையே கையில் எடுத்தார். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காரு வாலின் நாரைக் கொடுத்து உதவியது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்து, 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று அறிவித்தார். அவை கயிறு போல முறுக்கிக்கொண்டவை என்பதை 1955-இல் விளக்கினார்.

இழைகளைச் சேர்த்துப் பிடிப்பது எது? ஹைட்ரஜன் பிணைப்பு! நைட்ரஜனையோ ஆக்சிஜனையோ ஒட்டியுள்ள ஹைட்ரஜனைப் பக்கத்து ஆக்சிஜன் தன் பக்கம் இழுக்கிறது. ஒன்று தனியாக இருந்தால் பலம் குறைவு. பல சேர்ந்தால் உறுதி. தண்ணீர் 100 பாகை வரை கொதிக்காமல் இருப்பதும் இதனால்தான். இந்தப் பிணைப்பு மிகக் குறைவான ஹைட்ரஜன் சல்பைடு, சாதாரண வெப்பத்திலேயே வாயுவாகிவிடும். சூப்புச் சட்டியிலே சூடு பிணைப்பை அறுக்க, புரி பிரிந்து ஜெலட்டின் ஆகிறது.

ஆனால் சிக்கல் வந்தது. மூன்று கண்ணிக்கு இரண்டு பிணைப்பு என்றார் இராமச்சந்திரன். கேம்பிரிட்ஜில் இருந்த ரிச்சும் கிரிக்கும் 1955-இல் மறுத்தார்கள். அணுக்கள் அத்தனை நெருக்கமாக நிற்க முடியாது, ஒரு பிணைப்புதான் என்றார்கள்.

“பெரிய ஆளுங்க சொல்லிட்டாங்க, விட்டுடலாம்” என்று அவர் இருந்துவிட்டாரா? இல்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று, தெரிந்த படிகங்களையெல்லாம் பார்த்துக் கணக்கெடுத்தார். அந்த உழைப்பே 1963-இல் சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடத்திற்கு வழி வகுத்தது. இன்றும் புரத அமைப்புகள் சரிதானா என்று உலகமெங்கும் அதை வைத்தே சோதிக்கிறார்கள்.

1994-இல் வெளியான தெளிவான படிக ஆய்வு, நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று காட்டியது. கூடவே, தண்ணீர் மூலக்கூறுகளும் இழைகளுக்கு இடையே பாலம் போடுவது தெரிந்தது. தண்ணீருக்கு அதில் பங்கு உண்டு என்று இராமச்சந்திரனே 1968-இல் சொல்லியிருந்தார். அவருடைய மூன்று இழை நிலைத்துவிட்டது. 2001-இல் அவர் மறைந்தார்.

பரிசு வாங்கும் பிள்ளைகளே, இந்த வருஷம் வாங்காத பிள்ளைகளே! உங்கள் விடையை யாராவது தப்பு என்றால் கோபப்படாதீர்கள், சோர்ந்தும் போகாதீர்கள். மறுபடி அளந்து பாருங்கள். அளந்தவருக்குக் கிடைத்தது, வாதத்தில் ஜெயிப்பதைவிடப் பெரிய பரிசு.