இரண்டு மார்க் கேள்வியும் ஆல்ப்ஸ் மலைத் திராட்சையும்



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் நம் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். பின்னால் மலை, முன்னால் திராட்சைப் பந்தல், நடுவில் அவன் குடும்பம். விடுமுறைக்கு இத்தாலியின் வடக்கு ஓரத்தில் தெர்லான் என்ற ஊருக்குப் போயிருக்கிறான். "சார், இது வைன் தயாரிக்கும் இடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இது கம்பெனி இல்லை, விவசாயிகளின் சொசைட்டி" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொரு மாணவன், "இதெல்லாம் அங்கேதான் சார் நடக்கும், நம்ம ஆளுங்களுக்கு வராது" என்று ஒரு வரி போட்டான்.

அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. வைன் எனக்குப் பழக்கமில்லை, வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் சரித்திர வாத்தியாராக இருந்தவனுக்கு அந்தச் சொசைட்டியின் கதை கொஞ்சம் தெரியும். நம் சென்னை மாகாணத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதும் தெரியும். அதை வகுப்பில் ஒழுங்காகச் சொல்லாமல் விட்டவனும் நான்தான். அதனால் இன்று சொல்லிவிடுகிறேன்.

தெர்லான், போல்ட்சானோ நகருக்குப் பக்கத்தில் அடிஜே ஆற்றங்கரையில் இருக்கும் கிராமம். அந்தப் பகுதிக்குத் தென் டிரோல் என்று பெயர். இன்று இத்தாலி. ஆனால் பெரும்பாலான மக்கள் பேசுவது ஜெர்மன். முதல் உலகப் போர் முடியும்வரை அது ஆஸ்திரியப் பேரரசின் பகுதி. மலை நாடு என்றதும் எப்போதும் குளிர் என்று நினைக்காதீர்கள். பள்ளத்தாக்கில் கோடைப் பகல் நன்றாகச் சுடும், இரவில் மலைக்காற்று இறங்கிக் குளிரும். பகல் வெயிலில் திராட்சையில் இனிப்பு ஏறுகிறது, இரவுக் குளிரில் புளிப்பு குறையாமல் நிற்கிறது. வெள்ளை வைனுக்கு அந்தப் புளிப்புதான் முதுகெலும்பு. தெர்லானில் மண்ணும் தனி வகை, பழைய எரிமலைப் பாறை உடைந்து உண்டான செம்மண்.

இயற்கை இவ்வளவு கொடுத்தும் 19ஆம் நூற்றாண்டில் அங்கே சிறு விவசாயி நன்றாக வாழவில்லை. காரணம் எளிமையானது. திராட்சை காத்திருக்காது. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம், புளியை அடைத்து வைக்கலாம். பறித்த திராட்சையை உடனே பிழிய வேண்டும். பிழிய இயந்திரம், ஊற்றி வைக்கப் பெரிய மரப்பீப்பாய்கள், குளுமையான நிலவறை எல்லாம் வேண்டும். இவை இருந்தது பெரிய நிலக்காரர்களிடமும் வியாபாரிகளிடமும். ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் கூடையோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். அவனால் காத்திருக்க முடியாது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும். அப்புறம் விலை யார் கையில் இருக்கும்? நம் ஊர் மண்டியில் தக்காளிக் கூடையோடு நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1893இல் தெர்லானில் 24 விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள அந்திரியான் கிராமத்திலும் ஒரு சங்கம் பிறந்தது. 1898இல் கொஞ்சம் தெற்கே டிராமின் என்ற ஊரில் ஒரு சங்கம். அதைத் தொடங்கியவர் அந்த ஊர்ப் பாதிரியார் கிறிஸ்டியான் ஷ்ரோட். அவர் ஆஸ்திரிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்.

இந்த யோசனை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் ரைஃபைசன் என்று ஒருவர் இருந்தார். சின்னக் கிராமங்களுக்கு மேயராக இருந்தவர். 1846-47 குளிர்காலப் பஞ்சத்தில், மக்கள் கடன்காரர்களிடம் சிக்கிச் சீரழிவதைக் கண்ணால் பார்த்தவர். முதலில் பணக்காரர்களிடம் நன்கொடை வாங்கி உதவினார். தருமம் நிலைக்காது, ஏழைகள் தாங்களே ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று பிறகு புரிந்துகொண்டார். 1864இல் ஹெடஸ்டார்ஃபில் அவர் தொடங்கிய கடன் சங்கம்தான் உலகம் முழுக்கப் பரவிய மாதிரி. ஊருக்கு ஒரு சங்கம், எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள், ஒருவன் கடனுக்கு அத்தனை பேரும் பொறுப்பு. 1868இல் ஜெர்மனியின் மைஷோஸ் கிராமத்துத் திராட்சை விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். 1889இல் தென் டிரோலில் முதல் ரைஃபைசன் கடன் சங்கம் வந்தது. நான்கே ஆண்டுகளில் தெர்லான்.

இப்போது சங்கம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உறுப்பினர் தன் தோட்டத்துத் திராட்சை முழுவதையும் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும். வெளியே ஒரு கூடைகூட விற்கக் கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? விளைச்சல் குறைந்த வருடத்தில் வெளி வியாபாரி வந்து நாலு காசு கூடத் தருவான். ஆசைப்பட்டு நல்ல பழத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சங்கத்தில் தள்ளினால் சங்கம் எத்தனை நாள் நிற்கும்? சங்கம் செத்த அடுத்த வருடம் அதே வியாபாரி பழைய விலைக்கு வருவான். அடுத்து, பணமும் ஒரே நாளில் வராது. வைன் தயாராகி விற்றுக் கணக்கு முடியும்வரை தவணையாகத்தான் வரும். அந்த இடைக்காலத்தைத் தாக்குப்பிடிக்கத்தான் ஊரில் கடன் சங்கம். ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்கு முட்டுக்கொடுத்தது.

அதாவது, அந்த விவசாயிகள் தங்களுக்கு வாங்கிக்கொண்டது வெறும் பீப்பாய்களை அல்ல. தனியாளாக இருந்தபோது இல்லாத ஒரு பலத்தை வாங்கிக்கொண்டார்கள், காத்திருக்கும் பலம். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவர்களுக்குச் சோதனை வராமல் இல்லை. 1919 செயிண்ட் ஜெர்மேன் ஒப்பந்தத்தில் தென் டிரோல் இத்தாலிக்குப் போனது. யாரும் வீட்டை விட்டு நகரவில்லை, நாடுதான் மாறிவிட்டது. வடக்கே பிரென்னர் கணவாயில் எல்லை விழுந்தது. ரயிலேறி ஆஸ்திரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வைனுக்கு இப்போது சுங்கச்சாவடி. அடுத்து முசோலினி வந்தார். ஊர்ப் பெயர்களெல்லாம் இத்தாலியாக மாறின. 1923 முதல் பள்ளிகளில் ஜெர்மன் மொழி படிப்படியாக ஒழிக்கப்பட்டது.

இந்த இடத்தில் ஆசிரியர் என்ற முறையில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். பெயர் ஆஞ்சலா நிகோலெட்டி. 1905இல் பிறந்தவர். குர்டாட்ச் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு ரகசியமாகத் தாய்மொழி சொல்லிக் கொடுத்தார். அதுவும் திராட்சை ஊர்தான், 1900இலேயே சங்கம் கண்ட ஊர். அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு நிலவறைப் பள்ளிகள் என்றே பெயர். வீட்டு அறையிலும் களஞ்சியத்திலும் நடக்கும். 1927இல் அவரைக் கைது செய்தார்கள். சிறை, ஊர்விலக்கம், நோய். 1930இல் இறந்தபோது அவருக்கு வயது 25. முப்பத்தைந்து வருடம் சர்க்கார் சம்பளத்தில் சாக்பீஸ் பிடித்த நான், அவரை நினைக்கும்போது நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறேன்.

1939இல் ஹிட்லரும் முசோலினியும் பேசி முடிவெடுத்து, ஜெர்மனிக்குப் போகிறாயா, இங்கே இருந்து இத்தாலியனாக மாறுகிறாயா என்று அந்த மக்களைக் கேட்டார்கள். பெரும்பாலானோர் போகிறோம் என்றே எழுதிக் கொடுத்தார்கள். உண்மையில் வெளியேறியவர்கள் சுமார் 75,000 பேர். அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு நின்றது. போருக்குப் பின் 1946இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1972இல் விரிவான தன்னாட்சிச் சட்டம் வந்தது. மொழி பிழைத்தது. சங்கங்களும் பிழைத்தன.

பிழைத்தன என்றேனே தவிர, நன்றாக இருந்தன என்று சொல்லவில்லை. போருக்குப் பிறகு பல சங்கங்கள் விலை மலிவான சிவப்பு வைனை மொத்தமாக சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. எடைக்குத்தான் காசு. எடைக்குக் காசு என்றால் விவசாயி என்ன செய்வான்? கொடியை எவ்வளவு சுமக்க வைக்கலாமோ அவ்வளவு சுமக்க வைப்பான். பழத்தில் சுவை போகும். சங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

மாற்றம் 1970களின் கடைசியிலும் 80களிலும் வந்தது. ஷ்ரெக்பிஹ்லில் லூயிஸ் ரைஃபர், ஏப்பான் புனித மிக்கேல் சங்கத்தில் ஹான்ஸ் டெர்ட்சர் போன்றவர்கள், எடையைப் பார்க்காதே, தரத்தைப் பார் என்று நின்றார்கள். நல்ல பழம் வேண்டுமென்றால் காயாக இருக்கும்போதே பாதிக் குலைகளை வெட்டிக் கீழே போட வேண்டும். விளைந்ததை மண்ணில் போடுவதா என்று பெரியவர்கள் பதறாமல் இருப்பார்களா? தரத்துக்கு ஏற்ற காசு கைக்கு வந்தபிறகுதான் ஊர் ஒத்துக்கொண்டது. சிவப்புக் கொடிகள் இருந்த பல இடங்களில் வெள்ளைத் திராட்சை ஏறியது. இன்று தென் டிரோலில் பாதிக்கு மேல் வெள்ளைதான். அங்கே தயாராகும் வைனில் ஏறக்குறைய எழுபது சதவீதம் கூட்டுறவுச் சங்கங்களுடையது.

தெர்லானில் இதற்கு முன்பே ஒரு மனிதர் வேறு விதமாக யோசித்தார். செபாஸ்டியான் ஸ்டாக்கர். 1955 முதல் 1993 வரை சங்கத்தின் நிலவறைப் பொறுப்பாளர். வெள்ளை வைன் என்றால் ஓரிரு வருடத்தில் குடித்துவிட வேண்டியது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஸ்டாக்கர் அதை ஏற்கவில்லை. வைனை அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு எஃகுத் தொட்டியில் வருடக்கணக்காக விட்டுவைத்துப் பார்த்தார். ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் புட்டிகளை விற்பனைக்கு அனுப்பாமல் ஒதுக்கினார். அவர் அப்படிச் சேர்த்த இருப்பு இன்றும் நிலத்தடியில் இருக்கிறது, 1955 தொடங்கி ஆண்டுவாரியாக. அங்கே சங்கம் பிறந்த 1893இன் புட்டிகளும் உண்டு. வண்டலோடு பத்து வருடத்துக்கு மேல் வைத்து எடுக்கும் வைனைத் தெர்லான் சங்கம் இப்போது தனிப் பெயரிட்டு விற்கிறது. உலகம் தேடி வந்து வாங்குகிறது.

நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னது நினைவிருக்கிறதா? பறித்த அன்றே விற்றாக வேண்டும் என்று வாசலில் கூடையோடு நின்றவரின் கொள்ளுப்பேரன், பத்து வருடம் காத்திருந்து விற்கிறான். அவன் நிலக்கிழார் ஆகிவிடவில்லை. 2008இல் எதிர்க்கரை அந்திரியானும் தெர்லானோடு இணைந்தது. இன்று சுமார் 140 குடும்பங்கள், 190 ஹெக்டேர் அளவில் நிலம். வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்குச் சராசரி மூன்றேகால் ஏக்கர் வரும். நம் ஊர்ச் சிறு விவசாயியிடம் இருப்பதை விட மிக அதிகமில்லை.

இப்போது "நம்ம ஆளுங்களுக்கு வராது" என்றவனுக்கு வருகிறேன்.

தெர்லானில் 24 பேர் கூடிய அதே காலத்தில், சென்னை மாகாண அரசு ஓர் அதிகாரியை ஐரோப்பிய விவசாய வங்கிகளைப் பற்றி ஆராயச் சொல்லியிருந்தது. ஃபிரெடரிக் நிக்கல்சன். கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். நம் விவசாயி வட்டிக்கடையில் மூழ்குவதை நேரில் பார்த்தவர். அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு பாகங்களாக வந்தது. அத்தனை பக்கங்களின் சாரம் ஒன்றுதான்: நமக்கும் ஒரு ரைஃபைசன் வேண்டும், அவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவானது. ஆக, ஒரே விதை. ஆல்ப்ஸ் மலையில் விழுந்த சில ஆண்டுகளிலேயே நம் வயலிலும் விழுந்திருக்கிறது.

இதை நான் உங்களுக்கு எப்படி நடத்தினேன்? "நிக்கல்சன் அறிக்கை, 1895. கூட்டுறவுச் சட்டம், 1904. அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு மார்க் கேள்வி." அவ்வளவுதான். நீங்களும் எழுதினீர்கள், நானும் மார்க் போட்டேன். அந்த இரண்டு வருடங்களுக்குப் பின்னால் கூடையோடு வாசலில் நின்ற ஒரு மனிதன் இருக்கிறான் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், அந்த ஒரு வரியை நீ எழுதியிருக்க மாட்டாய் தம்பி. தப்பு உன்னுடையது இல்லை.

அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அங்கேயும் ஆசை இருந்தது, சண்டை இருந்தது, எடைக்கு ஏமாற்றும் புத்தி இருந்தது. மூன்று விஷயத்தில் மட்டும் உறுதியாக நின்றார்கள். விளைந்ததை முழுவதும் சங்கத்துக்கே கொடுப்பது, நல்ல பழத்துக்கு நல்ல விலை கொடுப்பது, பணத்துக்கு அவசரப்படாமல் இருப்பது. முதலாவதை அன்றே பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதைக் கற்றுக்கொள்ள எண்பது, தொண்ணூறு வருடம் ஆனது. நமக்கும் நேரம் இருக்கிறது.

பால் சொசைட்டியிலோ, உழவர் உற்பத்தியாளர் குழுவிலோ, நெசவாளர் சங்கத்திலோ இருக்கும் மாணவர்கள் நம் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேராவது இருப்பீர்கள். உங்கள் சங்கத்தில் இந்த மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்று கீழே எழுதுங்கள். இது இரண்டு மார்க் கேள்வி அல்ல, பெரிய கேள்வி. பக்கம் பார்க்காமல் எழுதலாம், நான் எல்லாவற்றையும் படிப்பேன்.

கண் மங்கல், விரல் நடுக்கம். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்